மகள் யூத மதத்துக்கு மாறப்போகிறாள்: ஒரு தாயின் கேள்விக்கு வழக்கறிஞரின் பதில்

தென் மாவட்டம் ஒன்றிலிருந்து ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு ஒரு மகன், ஒரு மகள். மகள் அமெரிக்காவில், நியூ ஜெர்சியில் வேலை பார்க்கிறார். அங்கே தன்னோடு படித்த ஒருவரைத் திருமணம் செய்துகொள்ள முடிவெடுத்திருக்கிறார். பையன் யூதர். அவருடைய குடும்பம் கன்சர்வேடிவ் என்ற பிரிவைச் சேர்ந்த ஜெப ஆலயத்துக்குப் போகிறது. பையனின் அம்மா, "நீ எங்கள் மதத்துக்கு வந்தால் எனக்கு நிம்மதி" என்று ஒரு நாள் மெதுவாகச் சொல்லியிருக்கிறார். மகளும் சரி என்று தலையாட்டிவிட்டார். செய்தி வீட்டுக்கு வந்ததிலிருந்து அப்பா மகளோடு பேசுவதில்லை. மதம் மாறினால் தங்கைக்குச் சொத்தில் பங்கு கிடையாது என்கிறார் அண்ணன். பிறக்கும் பிள்ளையை இஸ்ரேல் ராணுவத்துக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று உறவினர் ஒருவர் பயமுறுத்துகிறார்.

"இது கிறிஸ்தவத்தில் ஒரு பிரிவா? எங்கள் முருகனையும் கும்பிட்டுக்கொண்டு அவர்கள் சாமியையும் கும்பிட முடியாதா? கோயிலில் தாலி கட்டி இங்கேயே ரிஜிஸ்டர் செய்துவிட்டால் போதாதா? பேரப்பிள்ளைகள் எங்களுக்கு இல்லாமல் போய்விடுவார்களா?" இவைதான் அம்மாவின் கேள்விகள்.

அன்புள்ள அம்மா,

கடிதத்தில் நீங்கள் ஒரு இடத்திலும் கல்யாணம் வேண்டாம் என்று எழுதவில்லை. அந்த மதத்தைப் பற்றி ஒன்றும் தெரியாமல் எப்படிச் சம்மதிப்பது என்றுதான் கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. அதனால் சட்டத்துக்குப் போகும் முன் அந்த மதத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மதம் கடந்த திருமண விவகாரங்களைப் பார்க்கிற வழக்கறிஞர் என்பதால், இந்த மரபுகளைப் படித்துப் புரிந்துகொள்வது என் வேலையின் ஒரு பகுதி.

இது கிறிஸ்தவத்தின் கிளை அல்ல

வரலாறு நேர்மாறானது. இயேசு யூதராகப் பிறந்தவர். கிறிஸ்தவம் யூதத்துக்குள்ளிருந்து கிளம்பிப் பிரிந்து போனது. நாம் பழைய ஏற்பாடு என்று சொல்வது அவர்களுக்கு மொத்த வேதம். அவர்கள் கணக்கில் 24 நூல்கள். அவற்றில் முதல் ஐந்துதான் தோரா. இயேசுவை மேசியா என்று யூதர்கள் ஏற்பதில்லை. பிறவிப் பாவம் என்ற கோட்பாடும் அவர்களிடம் இல்லை.

நம்பிக்கை என்று எடுத்துக்கொண்டால் மையம் ஒன்றே ஒன்று: கடவுள் ஒருவர், அவருக்கு உருவம் கிடையாது. காலையிலும் இரவிலும் சொல்கிற ஷெமா என்ற பிரார்த்தனை அதைத்தான் அறிவிக்கிறது. ஆபிரகாமோடு கடவுள் உடன்படிக்கை செய்தார், எகிப்தில் அடிமைகளாக இருந்த அவர் சந்ததியை மோசே வெளியே கொண்டுவந்தார், சீனாய் மலையில் தோரா தரப்பட்டது என்பது அவர்கள் தங்களைப் பற்றித் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவருகிற வரலாறு. 12-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினில் பிறந்து எகிப்தில் மறைந்த மைமோனிடிஸ் என்ற மேதை 13 நம்பிக்கைகளை வரிசைப்படுத்தித் தந்தார். ஆனாலும் யூதத்தில் ஒருவர் என்ன நம்புகிறார் என்பதைவிட, என்ன செய்கிறார் என்பதற்கே எடை அதிகம். மரபு 613 கட்டளைகளைக் கணக்கிடுகிறது. எப்படிச் சாப்பிடுவது, எப்போது வேலையை நிறுத்துவது, கூலியை எப்போது கொடுப்பது, இறந்தவர் வீட்டில் எப்படி உட்காருவது என்று வாழ்க்கையின் எல்லாப் பக்கமும் அதில் உண்டு.

உங்கள் பயத்துக்கு நேரடியாகப் பதில் சொல்கிற விஷயம் ஒன்றும் இருக்கிறது. உலகத்தில் எல்லாரும் யூதராக வேண்டும் என்று அவர்கள் நினைப்பதே இல்லை. நோவாவின் சந்ததிக்கு என்று சொல்லப்படும் ஏழு அடிப்படை நெறிகளோடு நேர்மையாக வாழ்கிற எவருக்கும் கடவுளிடத்தில் இடம் உண்டு என்பது மரபு. அதனால் அவர்கள் வீடு வீடாகப் போய் ஆள் சேர்ப்பதில்லை. மதம் மாற வருகிறவரை முதலில் திருப்பி அனுப்புவதுதான் ரப்பிகள் எனப்படும் அவர்களுடைய மதகுருக்களின் பழைய வழக்கம். உங்கள் மகளை யாரோ வலை வீசிப் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணம் உங்களிடம் இருந்தால், தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

அப்புறம் ஏன் அந்த அம்மா மதம் மாறச் சொன்னார்? அதைப் புரிந்துகொள்ள அவர்களுடைய சரித்திரம் கொஞ்சம் தெரிய வேண்டும்.

எருசலேமில் அவர்களுக்கு ஒரே ஒரு ஆலயம்தான் இருந்தது. பலி, பூசாரிகள், திருவிழா எல்லாம் அங்கேதான். கி.மு. 586-ல் பாபிலோனியர்கள் அதை இடித்தார்கள். திரும்பி வந்து கட்டினார்கள். கி.பி. 70-ல் ரோமர்கள் மறுபடியும் இடித்தார்கள். அதற்குப் பிறகு இன்றுவரை ஆலயம் இல்லை, பலி இல்லை. வேறு எந்த மதமாக இருந்தாலும் அத்தோடு முடிந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றும். முற்றுகையில் இருந்த எருசலேமிலிருந்து யோகனான் பென் சக்காய் என்ற அறிஞரைச் சீடர்கள் பிணம் போலச் சவப்பெட்டியில் வைத்து வெளியே கொண்டுவந்தார்கள் என்று ஒரு மரபுக் கதை உண்டு. யாவ்னே என்ற ஊரில் அவர் பாடசாலை நடத்தினார். ஆலயம் போன இடத்தில் படிப்பும் பிரார்த்தனையும் வந்து உட்கார்ந்தன. வாய்வழியாக வந்த சட்ட விளக்கங்கள் கி.பி. 200 வாக்கில் மிஷ்னா என்று தொகுக்கப்பட்டன. அதன் மேல் நடந்த விவாதங்கள் சேர்ந்து, கி.பி. 500-ஐ ஒட்டிப் பாபிலோனியத் தல்மூத் உருவானது. தோற்ற தரப்பின் வாதத்தையும் விடாமல் எழுதி வைத்திருக்கிற நூல் அது. வழக்கறிஞர் என்ற முறையில் எனக்கு அதன் மேல் பெரிய மரியாதை.

ஆலயம் செய்த வேலையில் பாதி வீட்டுக்கு வந்துவிட்டது. சாப்பாட்டு மேசையே பலிபீடம் என்று அவர்கள் சொல்வார்கள். அதனால் ஒரு வீடு யூத வீடாக இருக்கிறதா என்பது அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. ஊர் ஊராக விரட்டப்பட்ட கூட்டம் அது: 1290-ல் இங்கிலாந்திலிருந்து, 1492-ல் ஸ்பெயினிலிருந்து. கடந்த நூற்றாண்டில் நாஜிகள் 60 லட்சம் யூதர்களைக் கொன்றார்கள். உலகம் முழுக்கச் சேர்த்தாலும் இன்று அவர்கள் ஒன்றரைக் கோடியை ஒட்டித்தான் இருக்கிறார்கள். அந்த அம்மா நிம்மதி என்று சொன்னதற்குப் பின்னால் இத்தனையும் இருக்கிறது. அதோடு ஒரு சட்ட விதியும் இருக்கிறது. கன்சர்வேடிவ் பிரிவிலும், பழைய விதிகளை இன்னும் கண்டிப்பாகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் பிரிவிலும், தாய் யூதராக இருந்தால்தான் பிள்ளை யூதர். அப்பா மட்டும் யூதர் என்றால் போதாது. உங்கள் மகள் மாறாவிட்டால் தன் பேரப்பிள்ளை தன் சமூகக் கணக்கில் யூதர் இல்லை என்ற கவலை அவருக்கு. "பேரப்பிள்ளைகள் எங்களுக்கு இல்லாமல் போய்விடுவார்களா" என்று நீங்கள் எழுதிய அதே கவலைதான், அம்மா.

அந்த வீட்டில் வாழ்க்கை எப்படி இருக்கும்?

வெள்ளிக்கிழமை சூரியன் மறைவதற்கு 18 நிமிடம் முன்னால், வீட்டுப் பெண் இரண்டு மெழுகுவத்தி ஏற்றுவார். சுடருக்கு மேல் கைகளால் மூன்று முறை தன் பக்கம் அணைத்துக்கொண்டு, கண்ணை மூடி ஆசி சொல்வார். மேசையில் பின்னல் போட்ட இரண்டு ரொட்டிகள் துணி மூடி இருக்கும். பெற்றோர் பிள்ளைகளின் தலையில் கைவைத்து ஆசீர்வதிப்பார்கள். திராட்சை ரசக் கிண்ணத்தை ஏந்தி மந்திரம் சொல்லி, ரொட்டியைப் பிட்டு உப்பில் தொட்டுக் கொடுப்பார்கள். சனிக்கிழமை இருட்டி நட்சத்திரம் தெரியும்வரை ஓய்வு. கண்டிப்பான வீடுகளில் அடுப்பு பற்றவைப்பதோ, சுவிட்ச் போடுவதோ, பணத்தைத் தொடுவதோ கிடையாது. போனும் எடுக்க மாட்டார்கள். கன்சர்வேடிவ் குடும்பங்களில் கடைப்பிடிப்பது ஆளுக்கு ஆள் மாறும். ஜெப ஆலயத்துக்குக் கார் ஓட்டிப் போகலாம் என்று அந்தப் பிரிவின் சட்டக் குழு 1950-ல் அனுமதி கொடுத்தது. சனிக்கிழமை மகள் போன் எடுக்கவில்லை என்றால் உங்களை ஒதுக்குகிறாள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்த நேரம் பேசலாம் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் கோஷர் விதிகள். பன்றி கூடாது. மீனுக்குச் செதிலும் துடுப்பும் வேண்டும். அதனால் இறால், நண்டு, கெளுத்தி, சுறாப்புட்டு எதுவும் ஆகாது. இறைச்சியையும் பாலையும் சேர்க்கக் கூடாது. பாத்திரமே இரண்டு செட் வைத்திருப்பார்கள். நம் சைவச் சமையலில் பெரும்பாலானவை உள்ளடக்க அளவில் அவர்களுக்கு ஒத்துவரும். ஆனாலும் பையனின் பாட்டி கோஷர் பார்ப்பவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் உங்கள் வீட்டுக்கு வந்தால், உங்கள் பாத்திரத்தில் சமைத்ததைத் தொடாமல் இருக்கலாம். மனம் நோக வேண்டாம். சீவிய இளநீர், முழுப் பழங்கள், புது பேப்பர் தட்டு என்று வையுங்கள்.

இரண்டு விஷயங்களில் மட்டும் முன்கூட்டியே கவனம் வேண்டும். ஒன்று, பிரசாதம். விக்கிரகத்துக்குப் படைத்த உணவைச் சாப்பிடக் கூடாது என்பது அவர்களுக்கு மிகக் கண்டிப்பான விதி. 2004-ல் திருப்பதியில் காணிக்கையாகக் கொடுத்த முடியிலிருந்து செய்த விக்குகளை அணியக் கூடாது என்று இஸ்ரேலில் மூத்த ரப்பி ஒருவர் தீர்ப்புச் சொன்னார். நியூயார்க்கின் புரூக்ளின் வரைக்கும் ஆர்த்தடாக்ஸ் பெண்கள் விலையுயர்ந்த விக்குகளைத் தெருவில் போட்டு எரித்தார்கள். பழனிப் பஞ்சாமிர்தத்தை அன்போடு நீட்டி, அவர்கள் கையை இழுத்துக்கொண்டால் இரண்டு பக்கமும் சங்கடம். இன்னொன்று, ஸ்வஸ்திகா. நமக்கு மங்கலச் சின்னம். தாத்தா பாட்டியின் உறவினர்களை ஹிட்லரின் முகாம்களில் இழந்த குடும்பங்கள் அவர்களிடையே ஏராளம். கல்யாணப் பத்திரிகையிலோ வாசல் கோலத்திலோ அதைப் போடாதீர்கள். பிள்ளையார் சுழி போட்டால் ஒருவரும் எதுவும் சொல்லப்போவதில்லை.

இதைச் சொன்னால் நம்மை விக்கிரகம் கும்பிடுகிறவர்கள் என்று இளக்காரமாகப் பார்ப்பார்களோ என்று தோன்றும். இந்து மடாதிபதிகளின் அமைப்பான இந்து தர்ம ஆச்சாரிய சபாவினரும் இஸ்ரேலின் தலைமை ரப்பிகளும் 2007-ல் டெல்லியிலும் 2008-ல் எருசலேமிலும் சந்தித்தார்கள். இந்துக்கள் வணங்குவது ஒரே பரம்பொருளைத்தான் என்பதையும், ஸ்வஸ்திகா நம்முடைய தொன்மையான மங்கலச் சின்னம் என்பதையும் இரண்டாவது சந்திப்பின் கூட்டறிக்கை எழுத்திலேயே ஒப்புக்கொண்டது. அவர்கள் நமக்கு முற்றிலும் அந்நியரும் அல்ல. கி.பி. 1000-ஐ ஒட்டிச் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு 72 உரிமைகள் கொடுத்து வெட்டுவித்த வட்டெழுத்துச் செப்பேடு கொச்சி யூதர்களிடம் பாதுகாக்கப்பட்டு வந்தது. 17-ஆம் நூற்றாண்டில் கோல்கொண்டா வைரம் வாங்க வந்த யூத வணிகர்கள் மதராசில் குடியிருந்தார்கள். 1688-ல் தொடங்கிய மதராஸ் மாநகராட்சியின் முதல் ஆல்டர்மேன்களில், அதாவது மாமன்ற உறுப்பினர்களில், அவர்களும் இருந்தார்கள்.

இரண்டையும் சேர்த்துக் கும்பிட முடியுமா?

முடியாது, அம்மா. இதில் உங்களுக்கு ஆறுதலாகப் பொய் சொல்ல எனக்கு மனமில்லை.

மதம் மாறுகிறவர் பல மாதங்கள், சில நேரம் ஒரு வருடத்துக்கு மேலும், ரப்பியிடம் படிக்க வேண்டும். பண்டிகைச் சுழற்சி ஒன்றையாவது கூட இருந்து கடைப்பிடிக்கச் சொல்வார்கள். பிறகு மூன்று பேர் கொண்ட பெத் தின் என்ற மத நீதிமன்றம் கேள்வி கேட்கும். பழைய வழிபாட்டை விட்டுவிட்டாயா என்பது அதில் தவறாமல் வரும். பதில் திருப்தியாக இருந்தால் மிக்வே என்ற நீர்த்தொட்டியில் மூழ்க வேண்டும். மழைநீர் போன்ற இயற்கை நீர் சேர்ந்த தொட்டி அது. உடம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே எதுவும் இருக்கக் கூடாது என்பதால் உடை, நகை, நகப்பூச்சு எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். கூட ஒரு பெண் இருப்பார். பெத் தின் உறுப்பினர்கள் வெளியே நின்று ஆசிமொழியைக் காதால் மட்டும் கேட்பார்கள். எழுந்து வரும்போது அவர் ஆபிரகாம்–சாராவின் மகள். எபிரேயப் பெயரும் அப்படித்தான் எழுதப்படும்.

வேறொரு நாட்டின் குடியுரிமை வாங்குவது மாதிரி இது. ஒரு மக்கள் கூட்டத்தின் கடந்த காலத்தையும் ஆபத்துகளையும் சேர்த்தே தோளில் ஏற்றுக்கொள்கிறோம். மாமியாரின் நிம்மதிக்காக மட்டும் செய்கிற காரியமில்லை. அந்த மதமே அப்படிச் செய்வதை விரும்புவதில்லை. அவர்களுடைய வேதத்தில் ரூத் என்ற பெண் வருகிறாள், மோவாப் என்ற வேற்று நாட்டுக்காரி. கணவன் இறந்த பின்னும் மாமியாரை விடாமல், உன் ஜனம் என் ஜனம், உன் கடவுள் என் கடவுள் என்று கூடவே நடந்தவள். தாவீது ராஜாவுக்கு அவள் கொள்ளுப்பாட்டி. மாறி வந்தவர்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவளைத்தான் எடுத்துக்காட்டுவார்கள். மாமியார் நகோமி அவளைத் திரும்பிப் போ என்று பலமுறை சொன்ன பிறகும் அவள் போகவில்லை என்பதுதான் அந்தக் கதையில் முக்கியம்.

அதனால் உங்கள் மகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கல்யாணம் ஒரு முடிவு, மதமாற்றம் வேறொரு முடிவு. இரண்டையும் ஒரே தேதிக்குள் அடைக்காதே. அவளிடம் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான். "இவனைக் கல்யாணம் செய்யாவிட்டாலும் உனக்கு இந்த மதம் வேண்டுமா?" என்று கோபமில்லாமல் கேளுங்கள். ஆமாம் என்றால் அது அவளுடைய மனசாட்சி. நாம் குறுக்கே நிற்கக் கூடாது. தெரியவில்லை என்றால், அவகாசம் எடுக்கச் சொல்லுங்கள்.

மாறாமல் கல்யாணம் செய்ய வழி இருக்கிறதா?

இருக்கிறது. அமெரிக்கச் சட்டத்துக்கு மதம் ஒரு பொருட்டே இல்லை. உரிமம் எடுத்துச் சிவில் திருமணம் செய்துகொள்ளலாம். 2010-க்குப் பிறகு மணம் செய்த அமெரிக்க யூதர்களில் 61 சதவீதம் பேருக்குத் துணைவர் யூதரல்லாதவர் என்று பியூ ஆய்வு மையம் 2020-ல் எடுத்த கணக்கெடுப்பு சொல்கிறது. சடங்கில்தான் சிக்கல். கன்சர்வேடிவ் ரப்பிகள் கலப்புத் திருமணத்தை நடத்தி வைப்பதில்லை. ரிஃபார்ம் பிரிவு 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் தோன்றியது, இன்று அமெரிக்காவில் மிகப் பெரியது. அதன் ரப்பிகள் நடத்துவதும் நடத்தாததும் அவரவர் விருப்பம். தாய், தந்தை யாராவது ஒருவர் யூதராக இருந்து, பிள்ளை யூத அடையாளத்தோடு வளர்ந்தால் போதும் என்று ரிஃபார்ம் பிரிவு 1983-ல் தீர்மானம் போட்டது. இன்னொரு வழி அதிகம் பேருக்குத் தெரியாது. தாய் மாறாமலே, குழந்தையை மட்டும் பெத் தின் முன் மிக்வேயில் மூழ்கவைத்து யூதராக்க முடியும். பையன் என்றால் விருத்தசேதனமும் உண்டு. கன்சர்வேடிவ் ரப்பிகளில் பலர் இதை ஏற்பார்கள், ஆனால் வீடு யூத வீடாக நடக்குமா என்று கேட்பார்கள். பையனின் அம்மாவோடு பேசும்போது உங்கள் மகள் இதையும் மேசையில் வைக்கட்டும்.

மாறினாலும் ஒரு வரம்பு உண்டு. கன்சர்வேடிவ் பிரிவில் மாறியதை ஆர்த்தடாக்ஸ் பிரிவு ஒப்புக்கொள்ளாது. இஸ்ரேலில் குடியேறும் உரிமைக்கு அந்த மாற்றம் செல்லும். ஆனால் அங்கே யூதர்களின் திருமணத்தைப் பதிவு செய்கிற தலைமை ரப்பி அலுவலகம் அதை ஏற்காது. இந்தத் தம்பதி இஸ்ரேல் போகும் எண்ணத்தில் இல்லை என்றால் இதைப் பற்றிக் கவலை வேண்டாம்.

ராணுவப் பயத்தையும் இதோடு முடித்துவிடலாம். யூதராக இருப்பதும் இஸ்ரேலியராக இருப்பதும் ஒன்றல்ல. இஸ்ரேல் 1948-ல் உருவான நாடு. 1950-ல் வந்த திரும்பும் உரிமைச் சட்டம் யூதர்களுக்கு அங்கே குடியேற உரிமை தருகிறது, கட்டாயப்படுத்துவதில்லை. கட்டாய ராணுவச் சேவை அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரமாக வசிப்பவர்களுக்கும்தான். நியூ ஜெர்சியில் பிறக்கும் அமெரிக்கக் குழந்தையை யாரும் இழுத்துக்கொண்டு போக முடியாது. அந்த அரசாங்கம் செய்வதற்கெல்லாம் உங்கள் சம்பந்தி வீட்டாரைப் பொறுப்பாக்குவதும் சரியில்லை.

கோயில் கல்யாணம், சொத்து: நம் சட்டம் என்ன சொல்கிறது?

இந்து திருமணச் சட்டம் 1955-ன்படி மணமக்கள் இருவருமே இந்துவாக இருக்க வேண்டும். பையன் யூதராக இருக்கும்போது கோயிலில் தாலி கட்டி அந்தச் சட்டத்தில் பதிவு செய்தால் அது செல்லாது. பின்னால் விசா, வாரிசுரிமை, விவாகரத்து என்று எது வந்தாலும் அந்தச் சான்றிதழே பிரச்சினையாகும். இங்கேதான் பதிவு செய்ய வேண்டும் என்றால் சிறப்புத் திருமணச் சட்டம் 1954 இருக்கிறது. ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் தங்கியிருக்க வேண்டும், நோட்டீஸுக்குப் பிறகு இன்னொரு 30 நாள் காத்திருக்க வேண்டும். விடுமுறையில் வருகிறவர்களுக்கு இது கஷ்டம். சட்டப்படியான திருமணத்தை அங்கேயே முடித்துவிட்டு, இங்கே உறவினர்களுக்கு ஒரு வரவேற்பு வைப்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

சொத்தில் உங்கள் மகன் சொல்வது தவறு. மதம் மாறிய பிள்ளை வாரிசு ஆக முடியாது என்று இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ல் எங்கேயும் இல்லை. 2005 திருத்தத்துக்குப் பிறகு பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்பாலேயே மகனுக்குச் சமமான உரிமை உண்டு என்பதை 2020-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்துவிட்டது. உங்கள் கணவர் சுயமாகச் சம்பாதித்த வீட்டை அவர் விரும்பியவருக்கு எழுதி வைக்கலாம். மகளை விலக்கினால் அது அவர் எடுத்த முடிவு, மதமாற்றத்தின் விளைவு அல்ல. உயில் எழுதாமல் போனால் உங்களுக்கும் மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு.

உண்மையான சிக்கல் பேரப்பிள்ளைகளுக்குத்தான், அதை உங்கள் வீட்டில் யாரும் கவனிக்கவில்லை. அதே சட்டத்தின் 26-ஆம் பிரிவு, மதம் மாறிய பிறகு அவருக்குப் பிறக்கும் குழந்தைகள் இந்து உறவினரின் சொத்துக்கு வாரிசாக முடியாது என்கிறது. சொத்து வாரிசுக்கு இறங்கும் நேரத்தில் அந்தக் குழந்தைகள் இந்துவாக இருந்தால் மட்டும் விலக்கு. மகள் உயிரோடு இருக்கும்வரை அவர் பங்கு அவருக்கு வந்துவிடும், சிக்கல் எழாது. எதிர்பாராமல் உங்களுக்கு முன் மகளுக்கு ஏதாவது நேர்ந்தால், அவர் இடத்தில் பிள்ளைகள் பங்கு கேட்க முடியாமல் போகும். இதற்குத் தீர்வு சுலபம். 26-ஆம் பிரிவு உயில் இல்லாத சொத்துக்குத்தான். பேரப்பிள்ளைகளையும் சேர்த்து உயில் எழுதிவிட்டால், அல்லது மகள் பேருக்கு இப்போதே செட்டில்மென்ட் பத்திரம் போட்டுவிட்டால், மதம் குறுக்கே வராது.

நான் உண்மையாகவே கவலைப்படுகிற இடம்

நீங்கள் கேட்காத ஒன்று இது. யூதச் சட்டப்படி திருமணம் முடிவுக்கு வர வேண்டும் என்றால், சிவில் நீதிமன்றத் தீர்ப்பு மட்டும் போதாது. கெத் என்ற விவாகரத்துப் பத்திரத்தைக் கணவன் தன் விருப்பத்தோடு மனைவி கையில் கொடுக்க வேண்டும். அவன் மறுத்தால் அவள் மத அளவில் மறுமணம் செய்ய முடியாது. அகுணா, அதாவது கட்டுண்டவள், என்று அவளைச் சொல்வார்கள். ஆர்த்தடாக்ஸ் சமூகங்களில் பெண்கள் வருடக்கணக்காக இப்படி மாட்டிக்கொண்டு நின்றிருக்கிறார்கள். கெத்தைப் பிடித்துவைத்துப் பணமும் பிள்ளைகளின் பொறுப்பும் பேரம் பேசப்பட்டிருக்கின்றன. இதைத் தடுக்க நியூயார்க் மாநிலம் 1983-ல் தனிச் சட்டமே போட்டது.

கன்சர்வேடிவ் பிரிவு இதற்கு 1950-களிலேயே ஒரு வழி கண்டது. கெத்துபா என்கிற திருமண ஒப்பந்தத்தில், பிரச்சினை வந்தால் இருவரும் பெத் தின் முன் வந்து அதன் முடிவுக்குக் கட்டுப்படுவோம் என்று ஒரு ஷரத்தைச் சேர்த்தார்கள். அதைக் கொண்டுவந்த அறிஞரின் பெயரால் லீபர்மன் ஷரத்து என்று அழைக்கப்படுகிறது. திருமணம் முடிந்தபின் கெத்துபாவை அழகாகச் சட்டமிட்டுச் சுவரில் மாட்டுவார்கள். பலருக்கு அது அலங்காரப் பொருளாகத்தான் தெரியும். அரமேய மொழியில் இருப்பதால் கையெழுத்து நேரத்தில் யாரும் படிப்பதில்லை. உங்கள் மகள் படிக்க வேண்டும். மொழிபெயர்ப்போடு வாங்கி, அந்த ஷரத்து இருக்கிறதா என்று ரப்பியிடம் நேரடியாகக் கேட்க வேண்டும். இதற்கென்றே திருமணத்துக்கு முன் தனி ஒப்பந்தம் போடும் வழக்கமும் உண்டு. நியூ ஜெர்சியில் ஒரு குடும்பநல வழக்கறிஞரை வைத்து அதை எழுதிக்கொள்வது நல்லது. மாப்பிள்ளை நல்லவர் என்பதால் தேவையில்லை என்று விட்டுவிட வேண்டாம். நல்ல மனிதர் இதில் கையெழுத்துப் போடத் தயங்க மாட்டார்.

உங்கள் கணவரிடம் இந்தப் பதிலைப் படிக்கக் கொடுங்கள். அவர் மௌனமாக இருக்கிற ஒவ்வொரு வாரமும், மகள் அந்த வீட்டின் மேசையில்தான் ஆறுதல் தேடுவாள். அப்புறம் அவள் மதம் மாறுவது நம்பிக்கையாலா, தனிமையாலா என்று அவளுக்கே தெரியாமல் போகும். மாறட்டும், மாறாமல் இருக்கட்டும், அவள் யோசித்து முடிவெடுக்க அப்பாவின் குரல் வேண்டும். தாய் தந்தையை மதிப்பது பத்துக் கட்டளைகளில் ஒன்று. மதம் மாறி வந்தவரும் பெற்ற தாய் தந்தைக்குரிய மரியாதையைக் குறைக்கக் கூடாது என்று அவர்கள் சட்ட அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். அவள் யூதராகிவிட்டாலும் உங்கள் மகளாக இருப்பதை அந்த மதம் தடுக்கவில்லை.

பையனின் பெற்றோர் ஜனவரியில் ஊருக்கு வருவதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் மகளிடம் மூன்றைக் கேட்டு வாங்கி வையுங்கள்: எந்த ரப்பியிடம் படிக்கப்போகிறாள், படிப்பு எவ்வளவு காலம், கெத்துபாவின் மொழிபெயர்ப்பு எப்போது கிடைக்கும். சொத்துப் பத்திரங்களில் எது பூர்வீகம், எது உங்கள் கணவர் வாங்கியது என்று பிரித்து, வில்லங்கச் சான்றும் போட்டுவிட்டு அருகிலுள்ள வழக்கறிஞர் ஒருவரிடம் உயில் எழுதச் சொல்லுங்கள். பேரப்பிள்ளைகள் இன்னும் பிறக்கவில்லை என்பதால், "என் மகளுக்குப் பிறக்கும் குழந்தைகள், அவர்கள் எந்த மதத்தைப் பின்பற்றினாலும்" என்ற வாசகம் அதில் இருக்கட்டும். மகள் இல்லாத நிலை வந்தால் அவள் பங்கு அவர்களுக்குப் போகும் என்று தனி வரியாகவே எழுதிவிடுங்கள். உயிலைப் பதிவு செய்வது கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்துவிடுங்கள்.